சூடாக அடுக்கிய துண்டுகள்

என் வீட்டுக்காரர் அந்த லாண்டரியைக் கொளுத்தவில்லை. அடுப்பைப் பற்றவைக்கவே அரைப்பெட்டி தீக்குச்சியைத் தீர்க்கிற மனுஷன் அவர். எறும்பை மிதித்துவிட்டால்கூடத் திரும்பிப் பார்ப்பார். அப்படிப்பட்டவரை ஊரே சேர்ந்து வீரனாக்கிச் சாகக் கொடுக்கப் பார்த்தது. அதை நினைத்தால் இத்தனை வருஷம் கழித்தும் எனக்குக் காது சூடாகிறது.

கடற்கரை நெடுக ஓட்டல்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. வெயில் காயவென்றே தூர தேசத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து மணலில் படுத்துக் கிடப்பார்கள். அவர்கள் படுத்த விரிப்பும் துடைத்த துண்டும் எங்களிடம்தான் வெளுக்க வரும். மாமனார் ஆரம்பித்த லாண்டரி. நாலு துவைக்கிற மெஷின், ரெண்டு டிரையர், இஸ்திரி போடுகிற ஒரு பெரிய பிரஸ், பின்கட்டில் கயிறு கட்டிய முற்றம். பெரிய பணக்காரர்கள் இல்லை நாங்கள். ஆனால் யாருக்கும் குனியாமல் சாப்பிட்டோம்.

ஊருக்குள் கண்ணாடி அண்ணன் என்று ஒருவன் இருந்தான். ராத்திரியிலும் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பதால் அந்தப் பெயர். அண்ணன் என்பது ஊர் கொடுத்தது, நான் கொடுத்ததல்ல. முதலில் கடற்கரையில் நாற்காலி வாடகைக்கு விடுகிறவர்களை விரட்டிவிட்டுத் தன் நாற்காலிகளைப் போட்டான். அப்புறம் டாக்சிகள். அப்புறம் மீன்காரர்களுக்குப் போகிற ஐஸ். எதிர்த்த ரெண்டு பேர் கடலில் மிதந்தார்கள். நீச்சல் தெரியாதவர்கள் என்று போலீஸ் எழுதிக்கொண்டது. அதில் ஒருவர் படகோட்டி.

கடைசியில் லாண்டரிக்கு வந்தான். அவன் நேரில் வரமாட்டான். நெட்டை என்கிற அவன் அடியாள் மூன்று பேரோடு வந்தான். ஒருத்தன் முன்வாசலில் என்னை மறித்துக்கொண்டு நின்றான். உள்ளே நடந்ததைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். என் வீட்டுக்காரரின் வலது கையைப் பிரஸ்ஸின் கீழ்ப் பலகையில் விரித்து வைத்து, கொதிக்கிற மேல்பலகையை ஒரு சாண் உயரத்தில் பிடித்திருந்தார்கள். அழுத்தவில்லை. பிடித்திருந்தார்கள், அவ்வளவுதான். அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அதில் நான் குறை சொல்ல மாட்டேன். கை போனால் வருமா?

ஆனால் போகிற போக்கிலாவது வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். தொழில் பக்தி விடவில்லை. நெட்டையைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"தம்பி, கடலோர ஓட்டல் துண்டை மட்டும் சூடா அடுக்கிறாதீங்க. விரிச்சுப் போட்டு நல்லா ஆற வெச்சு அப்புறமா அடுக்குங்க. இல்லன்னா பத்திக்கும்."

"தானா பத்திக்குமா? ஏன், துண்டு பீடி குடிக்குமா?" என்றான் நெட்டை. மூன்று பேரும் சிரித்தார்கள்.

துண்டு தானாகத்தான் பற்றிக்கொள்ளும். வெயில் காய வருகிறவர்கள் உடம்பெல்லாம் எண்ணெயைப் பூசிக்கொள்கிறார்கள். அது துண்டில் இறங்கினால் எத்தனை தடவை அலசினாலும் முழுசாகப் போகாது. டிரையரிலிருந்து எடுத்த சூட்டோடு அந்தத் துண்டுகளை நெஞ்சு உயரத்துக்கு அடுக்கினால், நடுவில் இருக்கிற சூடு வெளியே போக வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும். சாயங்காலம் அடுக்கினது விடிகாலையில் புகையும். தொழிலுக்கு வந்த புதிதில் எங்களுக்கே ஒரு மூட்டை கருகியிருக்கிறது. அதற்குப் பிறகுதான் மாமனார் பின்கட்டில் கயிறு கட்டினார்.

கண்ணாடிக்காரனுக்குத் துப்பாக்கி தெரியும், கத்தி தெரியும். துணி தெரியாது. ஊரிலிருந்த எல்லா லாண்டரியையும் பிடுங்கி, மெஷின்களைக் கழற்றிக்கொண்டு போய், மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரே பெரிய கொட்டகையில் போட்டான். சீசன் நேரத்து சனிக்கிழமை சாயங்காலம். அடுக்கி வைத்துவிட்டுக் கிளம்புங்கள் என்று நெட்டை விரட்டினான். பெண்கள் சூட்டோடு அடுக்கிவிட்டுக் கிளம்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கொட்டகை தகதகவென்று எரிந்தது. நல்லவேளை, உள்ளே ஒரு உயிரும் இல்லை. ஓட்டல்களில் குளித்துவிட்டு வந்தவர்கள் ஜன்னல் திரையில் துடைத்துக்கொண்டார்கள் என்று கேள்வி. நான் சிரித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு ரெண்டு நாள்கூட நிலைக்கவில்லை.

மறுநாள் என் வீட்டுக்காரர் வழக்கம்போலச் சதுக்கத்துக் காபிக்கடைக்குப் போயிருக்கிறார். உள்ளே நுழைந்ததும் மருந்துக்கடைக்காரர் எழுந்து நாற்காலியைக் கொடுத்திருக்கிறார். கடைக்காரர் காபியைக் கொண்டு வந்து வைத்து, காசு வேண்டாமென்று கையைப் பிடித்து அழுத்தியிருக்கிறார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இவரும் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தவர் கண்ணாடி முன்னால் நின்று தலை சீவிக்கொண்டார். சாயங்காலம் தலை சீவுகிற பழக்கம் அவருக்கு எந்த ஜென்மத்திலும் கிடையாது.

என் நாத்தனார், அவருடைய தங்கை, கண்ணாடிக்காரன் கொட்டகையில்தான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"அண்ணி, விஷயம் தெரியுமா? நெட்டை சொல்றான், 'பத்திக்கும்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுல்ல போனான், அன்னிக்கே முடிச்சிருக்கணும்'னு. எங்கண்ணன் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கு அண்ணி!"

"அடி பைத்தியமே, அது துண்டு ஆற வைக்கிறதுக்குச் சொன்னதுடி!"

"நீ அப்படித்தான் சொல்லணும்" என்று கண்ணடித்தாள். "நான் வெளிய மூச்சு விடமாட்டேன்."

மூச்சு விடாமல் ஊர் பூராவும் சொல்லிவிட்டுத்தான் என்னிடமே வந்திருந்தாள்.

நானும் ஆள் ஆளாய்ப் போய் எடுத்துச் சொன்னேன். காபிக்கடைக்காரரிடம் எண்ணெய், சூடு, அடுக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "புரியுதும்மா. இப்படியே சொல்லுங்க. யார் கேட்டாலும் இதையே சொல்லுங்க" என்றார். மருந்துக்கடைக்காரர் என் கையைப் பிடித்து, "நீங்க குடுத்து வெச்சவங்க" என்றார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? மறுக்க மறுக்க அது உண்மையாகிக்கொண்டே போனது. இதே ஆட்கள்தான் நெட்டை எங்கள் கடைக்குள் நுழைந்த அன்றைக்குப் பட்டப்பகலில் ஷட்டரை இழுத்துவிட்டவர்கள். இவர்களுக்கு ஒரு வீரன் வேண்டும். ஆனால் சாவு எங்கள் வீட்டில் விழ வேண்டும். அடுத்தவன் கையை விட்டுப் பாம்பு பிடிக்கிற கூட்டம்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது கேட்டேன். "ஏங்க, நாளைக்குப் போயி நான் கொளுத்தலன்னு வாயைத் திறந்து சொல்லுங்க."

"நான் கொளுத்தினேன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லலையே."

"கொளுத்தலன்னும் சொல்லலையே!"

தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "நான் உள்ள வந்தா எந்திரிச்சு நிக்கிறாங்க. எங்கப்பாவுக்குத்தான் அப்படி நிப்பாங்க. எனக்கு இதான் முதல் தடவை."

"எந்திரிச்சு நிக்கிறவங்க நாளைக்குப் பொணத்துக்கும் எந்திரிச்சு நிப்பாங்க. அவ்வளவுதான் செய்வாங்க. நாம எங்கயாவது போயிடலாம்."

"ஓடிப்போறதா? இப்பவா?" என்றார். 'இப்பவா' என்கிற அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தட்டை எடுத்துத் தொட்டியில் போட்டேன். அது ரெண்டாக உடைந்தது.

மறுநாள் மத்தியானம் நானே கண்ணாடிக்காரனைப் பார்க்கப் போனேன். கடலைப் பார்த்த ஓட்டல் மாடியில், குடைக்குக் கீழே உட்கார்ந்து தர்பூசணி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இரண்டு மேசை தள்ளி இன்ஸ்பெக்டரும் அதே தர்பூசணியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"உக்காரும்மா."

நான் உட்காரவில்லை. "அண்ணே" என்றேன். சொல்லும்போதே நாக்கைக் கடித்துத் துப்பிவிடலாம் போலிருந்தது. "அவரு கொளுத்தல. துண்டு தானா பத்திக்கிச்சு. உங்க ஆளுங்க சூடா அடுக்கினாங்க."

பக்கத்தில் நின்ற நெட்டை சிரித்தான். கண்ணாடிக்காரன் சிரிக்கவில்லை. விதையைத் துப்பிவிட்டு, "எங்க, காட்டு" என்றான்.

கொட்டகை எரிந்த பிறகு, தீயில் தப்பிய மெஷின்களோடு வேலையை அந்த ஓட்டலின் கார் கொட்டகைக்கு மாற்றியிருந்தார்கள். படி இறங்கி அங்கே போனோம். நான் நினைத்தது சரியாகத்தான் இருந்தது. காலையில் டிரையரிலிருந்து எடுத்த துண்டுகளைச் சுவரோரமாகத் தலைக்கு மேல் அடுக்கியிருந்தார்கள். பட்டும் புத்தி வரவில்லை. அடுக்கின் வெளிப்பக்கம் சில்லென்றுதான் இருந்தது.

"நடுவுல கைய விடச் சொல்லுங்க" என்றேன்.

கண்ணாடிக்காரன் நெட்டையைப் பார்த்தான். நெட்டை இளித்துக்கொண்டே முழங்கை வரைக்கும் கையை விட்டான். இளிப்பு அப்படியே நின்றது. கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு கையை இழுத்தான். விரல்கள் சிவந்து போயிருந்தன. அடுக்கைக் கலைத்துப் போட்டார்கள். நடுவிலிருந்த துண்டுகள் பழுப்பேறி, தாளித்த எண்ணெய் தீய்ந்த மாதிரி நாறின. அங்கே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கண்ணாடிக்காரன் கண்ணாடியைக் கழற்றினான். ஊரே பயந்து செத்த அந்தக் கண்ணைப் பார்த்தேன். சாதாரணக் கண்தான், ஓரத்தில் கொஞ்சம் பீளை.

"நம்புறேன்மா. உன் புருஷன் கொளுத்தல" என்றான்.

நான் கிளம்பத் திரும்பினேன். அவன் இன்னும் முடிக்கவில்லை.

"ஆனா நான் நம்பி என்ன பிரயோஜனம்? ஊரு நம்பலையே. நேத்து நாலு மீன்காரன் ஐஸை வெளியில வாங்கியிருக்கான். எங்கேருந்து வந்துச்சு தைரியம்? உன் புருஷன்கிட்டேருந்து ஒட்டிக்கிச்சு. துண்டு பத்திக்கிச்சுன்னு நான் தெருத்தெருவாப் போய்த் தமுக்கடிக்க முடியுமா? சிரிச்சுருவானுங்க. சிரிச்சுட்டானுங்கன்னா அப்புறம் எனக்குப் பொழப்பு ஏது?"

"அதுக்கு அவரு என்ன பண்ணுவாரு?"

"ஞாயித்துக்கெழம வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள ஊரு பேச்சு மாறிடணும். மாறலன்னா, எம்மேல கோவப்படாத தங்கச்சி."

கோவப்படாதே என்கிறான். கடையைப் பிடுங்கினவன், கையைச் சுடப் பார்த்தவன், செய்யாத தப்புக்குக் கொல்லப் போகிறவன், கோவப்படாதே என்று பெருந்தன்மையாகச் சொல்கிறான். கடற்கரை வழியாக வீட்டுக்கு நடந்தேன். படுத்துக் கிடந்த ஒவ்வொரு எண்ணெய் உடம்பையும் உதைக்க வேண்டும் போலிருந்தது.

நடக்க நடக்க ஒன்று மட்டும் தெளிவானது. உண்மையைச் சொன்னால் ஊர் நம்பாது. வீரம் இல்லை என்றால் நம்பாது. கோழைத்தனம் இருக்கிறது என்று சொன்னால் மட்டும்தான் நம்பும். அடுத்தவனின் அசிங்கத்தை நம்புவதற்கு யாருக்கும் சாட்சி தேவைப்படாது. அதை நான்தான் சொல்ல வேண்டும், அவரிடம் முன்கூட்டிச் சொல்லவும் கூடாது. அவருக்கு நடிக்கத் தெரியாது. சீட்டு விளையாட்டில் நல்ல சீட்டு வந்தால் காது சிவந்துவிடும் அவருக்கு.

சனிக்கிழமை மத்தியானம், காபிக்கடை நிரம்பியிருக்கிற நேரம் பார்த்துப் போனேன். வெயிலுக்குச் சதுக்கத்தில் போட்டிருந்த மேசையெல்லாம் ஆட்கள். நடு மேசையில் என் வீட்டுக்காரர், தலை சீவி, சலவைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் அவருடைய ரசிகர்கள். ஓரத்தில் நெட்டை, கையில் கட்டுப் போட்டுக்கொண்டு. அவன் எதற்கு வந்திருக்கிறான் என்று எனக்குத் தெரியும்.

கல்யாணமான நாளிலிருந்து 'என்னங்க' என்பதைத் தவிர அவரை வேறு மாதிரி கூப்பிட்டதில்லை.

"யோவ்!" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். அவர் வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்துத் தன் பின்னால் பார்த்தார்.

"உன்னத்தான்யா. பெரிய வீரன் மாதிரி உக்காந்து ஓசிக் காபி குடிக்கிறியே, வெக்கமா இல்ல? நீயா கொளுத்தின? சொல்லு இவங்ககிட்ட. நெட்டை உன் கையப் பிடிச்சப்ப என்ன சொன்ன? 'கடைய எடுத்துக்கங்க, பொண்டாட்டியக் கூட எடுத்துக்கங்க, கைய மட்டும் விட்டுருங்க'ன்னு கதறல?"

"ஏய், வீட்டுக்குப் போ" என்றார், மெதுவாக.

"போறேன். அந்தப் பேன்ட்டத் தொவைச்சது யாருன்னு சொல்லிட்டுப் போறேன். நின்ன எடத்துலயே ஒண்ணுக்குப் போயிட்டியே! வேலைக்காரப் பொம்பளைங்க வர்றதுக்கு முன்னாடி தொவைச்சுப் போட்டுருன்னு என் கால்ல விழுந்தியே! ஊரு அழுக்கெல்லாம் தொவைச்ச கடையில கடைசியாத் தொவைச்சது உன் பேன்ட்டத்தான்யா! அதுக்கப்புறம் தெனம் ராத்திரி கதவுல சத்தம் கேட்டா யாரு கட்டிலுக்கு அடியில போறது? நானா?"

யாரோ ஒருத்தர் களுக்கென்றார். அப்புறம் இன்னொருத்தர். அப்புறம் சதுக்கமே சிரித்தது. மருந்துக்கடைக்காரர் கண்ணில் தண்ணி வரச் சிரித்தார். நெட்டை மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். சிரிப்பு அடங்கட்டும் என்று என் வீட்டுக்காரர் காத்திருக்கவில்லை. எழுந்தார். எழுந்து நின்று, என்னைப் பார்த்து, "ஆமா" என்றார். "பயந்துட்டேன். நான் கொளுத்தல." காது சிவக்கவில்லை. அவர் நடந்து போகும்போது கடைக்காரர் பின்னாலேயே போய்க் குடித்த காபிக்குக் காசு கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது, போனது. ஒன்றும் நடக்கவில்லை. திங்கட்கிழமை நெட்டை வீட்டுக்கு வந்து, துண்டு ஆற வைப்பதை மேற்பார்வை பார்க்க அண்ணன் இவரைக் கூப்பிடுகிறார் என்று சொல்லிவிட்டுப் போனான். என் வீட்டுக்காரர் போனார். தான் பிறந்த கடையின் மெஷின்களுக்கு நடுவே இன்னொருத்தனிடம் கூலிக்கு நின்றார். மீன்காரர்கள் மறுபடி கண்ணாடிக்காரனிடமே ஐஸ் வாங்கினார்கள். நாத்தனார் வாசலில் நின்று, "நீயெல்லாம் ஒரு பொம்பளையா? துண்டு பத்தினத நானும்தானே பாத்தேன், அத வெச்சே ஏதாவது பண்ணியிருக்கலாமே" என்று காறித் துப்பினாள். நீ ஏன் அதை ஊரில் சொல்லவில்லை என்று கேட்டேன். விடுவிடுவென்று நடந்து போனவள் பிறகு எங்கள் வாசல்படி மிதிக்கவேயில்லை.

அவரிடம் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். கண்ணாடிக்காரன் வைத்த கெடு, நான் போட்ட கணக்கு, வேறு வழியில்லாமல் போனது, எல்லாம். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டார்.

"தெரியும்" என்றார். "நெட்டை உக்காந்திருந்ததப் பாத்தப்பவே தெரிஞ்சுபோச்சு. அதான் ஆமான்னு சொன்னேன்."

"தெரிஞ்சும் ஏன் எங்கிட்ட முகம் குடுத்துப் பேச மாட்டேங்குறீங்க?"

"பொண்டாட்டிய எடுத்துக்கங்கன்னு நான் சொல்லலன்னு நீ சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றார். "அது ஒண்ணு பொய்யா இருந்திருந்தா மத்ததத் தாங்கியிருப்பேன்."

கண்ணாடிக் கதவு வழியாக எல்லாம் கேட்டிருந்தது எனக்கு. அவர் அதைச் சொல்லியிருந்தார்.

அப்போது வந்த கோபம் மாதிரி எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. கண்ணாடிக்காரன் மேல், ஊர் மேல், இவர் மேல், அந்தப் பிரஸ் மேல். "கோவிச்சுக்கோங்க" என்று கத்தினேன். "உசுரோட இருந்து நல்லாக் கோவிச்சுக்கோங்க!"

அவரும் கோபித்துக்கொண்டார். கண்ணாடிக்காரனை வேறொரு கூட்டம் சுட்டுப் போட்டபோதும், ஊரார் அவனுக்குக் கடையடைத்து அழுதபோதும், எங்கள் லாண்டரி இருந்த இடத்தில் ஓட்டல் வந்தபோதும் கோபமாகவே இருந்தார். சாப்பாடு எங்கே என்பார், சோப்பு தீர்ந்துவிட்டது என்பார், அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. தலை நரைத்து, பல் கொட்டி, நெஞ்சு வலி வந்து, என் கை கொடுத்த தண்ணியைக் குடித்துவிட்டு, எங்கள் கட்டிலில் படுத்துச் செத்தார். இந்த ஊரில் அவர் வயசு ஆண்களில் கட்டிலில் செத்தவர்கள் எத்தனை பேர் என்று யாராவது வந்து எனக்குச் சொல்லட்டும்.